பறிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி: குடும்பமாகச் சின்ன இயற்கைக் காய்கறித் தோட்டம் நடத்துவது எப்படி

முதல் வருடம் நாங்கள் செய்த பெரிய தப்பு பூச்சியிலும் இல்லை, உரத்திலும் இல்லை. வெண்டை விதையை 8 பாத்தியில் ஒரே நாளில் போட்டோம், அவ்வளவுதான். 50 நாள் வாக்கில் காய்க்க ஆரம்பித்தது. வெண்டை காத்திருக்கிற காய் இல்லை; பூ விரிந்து 5, 6 நாளில் பறித்தாக வேண்டும், இன்னும் இரண்டு நாள் விட்டால் நுனி ஒடியாது, வளையும். ஒருநாள் விட்டு ஒருநாள் 15 கிலோ வந்தது. வாடிக்கையாக வாங்கியது எட்டே வீடு. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நானும் மனைவியும் பறிக்க, திண்ணையில் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்த அம்மா கூடையைப் பார்த்து, "விதைக்கும்போது இது யாருக்குன்னு ஒரு தடவையாவது யோசிச்சியாடா?" என்று கேட்டார். பதில் இல்லை.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். காய்கறித் தோட்டத்தை விதையிலிருந்து முன்னோக்கி யோசித்தால் குழம்பும். பறிக்கிற நாளிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: யார் வாங்குவார்கள், எத்தனை கிலோ, அதற்கு எத்தனை செடி, எப்போது விதைக்க வேண்டும், எவ்வளவு தண்ணீர், எத்தனை கை. மற்றதெல்லாம் அதற்குள் அடங்கும்.

படி 1: நிலத்தை அளக்குமுன் கைகளை எண்ணுங்கள்

இரண்டு பேர் முழு நேரம், இன்னொருவர் காலை மட்டும் என்றால் கால் ஏக்கர், அதாவது சுமார் 1000 சதுர மீட்டர், முதல் வருடத்துக்குத் தாராளம். கையில் 3 ஏக்கர் இருந்தாலும் சரி, மிச்சத்தில் மண்ணுக்கே உரமாகிற பசுந்தாள் பயிரைப் போட்டு விட்டுவிடுங்கள். எங்கள் நோட்டுப்படி மொத்த வேலை நேரத்தில் பாதி பறிப்பு, கழுவல், கட்டல், கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே போகிறது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் உழவையும் களையெடுப்பையும் மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள். பரப்பு கூடக்கூட முதலில் களை முந்தும், அப்புறம் காய் முற்றும், கடைசியில் வீட்டில் சண்டை வரும்.

படி 2: வாங்குபவர் யார் என்று முடிவு செய்யுங்கள்

மொத்தச் சந்தைக்குப் போனால் இயற்கைக் காய், மருந்தடித்த காய் எல்லாம் ஒரே குவியல்தான். சின்னத் தோட்டம் பிழைப்பது நேரடி விற்பனையில். வாரச் சந்தையில் ஒரு மேசை, இரண்டு மூன்று உணவகங்கள், அல்லது மாதச் சந்தா கட்டிய குடும்பங்களுக்கு வாரம் ஒரு பெட்டி. இந்தப் பெட்டி முறை புதிதல்ல. ஜப்பானில் 1970களிலேயே 'தெய்கேய்' என்ற பெயரில் விவசாயியும் நுகர்வோர் குடும்பங்களும் நேரடியாகக் கைகோத்தார்கள்; அமெரிக்காவில் இதே மாதிரியான சந்தாப் பண்ணைகள் 1986இல் தொடங்கின. முன்பணம் கையில் இருப்பது விதை, உரம் வாங்கும் சமயத்தில் பெரிய ஆறுதல். ஆனால் பெட்டி என்றால் வாராவாரம் 7, 8 வகை காய் இருந்தே ஆக வேண்டும், அதனால் முதல் வருடமே இதில் இறங்காதீர்கள். தெரிந்த 10 வீட்டில் ஆரம்பித்து, தொடர்ந்து கொடுக்க முடிகிறது என்று உங்களுக்கே நம்பிக்கை வந்த பிறகு கூட்டுங்கள்.

சான்றிதழ் பற்றி உடனே கேட்பீர்கள். பழைய ரசாயனப் பயன்பாட்டிலிருந்து மாறுகிற காலம் என்று ஒன்று உண்டு: அமெரிக்க விதிப்படி தடைசெய்த பொருளைக் கடைசியாகப் போட்டு 3 வருடம் ஆகியிருக்க வேண்டும், ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒருபருவப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 வருடம். சின்னத் தோட்டங்களுக்குப் பங்கேற்பு உறுதியளிப்பு முறை என்று இன்னொரு வழி இருக்கிறது. விவசாயிகளே ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்வது, செலவு குறைவு. எந்த வழியில் போனாலும் கேட்கப்போவது பதிவேடுதான், எனவே முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். முகம் பார்த்து விற்கும்போது சான்றிதழைவிட, வாங்குபவர் தோட்டத்துக்கு வந்து ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போவதுதான் அதிகம் பேசும் என்பது என் அபிப்பிராயம்.

படி 3: தண்ணீர்க் கணக்கு

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் நீர் நின்றால் அது 1 லிட்டர். வெயில் காலத்தில் காய்கறிக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் என்று வையுங்கள். கால் ஏக்கரில் வழி, வரப்பு போகப் பாத்தி மட்டும் 600 சதுர மீட்டர் என்றால் ஒரு நாளைக்கு 3000 லிட்டர். இப்போது உங்கள் குழாயைத் திறந்து 200 லிட்டர் டிரம் நிரம்ப எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 10 நிமிடம் என்றால் மணிக்கு 1200 லிட்டர், ஆக தினம் இரண்டரை மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும். கோடையின் உச்சத்திலும் அவ்வளவு நீர் வருமா என்பதுதான் கேள்வி. வராது என்றால் பரப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், வேறு வைத்தியம் இல்லை.

சொட்டுநீர் கட்டாயம் போடுங்கள். தண்ணீர் மிச்சம் என்பதைவிட, வழியில் நீர் படாததால் களை பாதியாகக் குறையும், இலை நனையாததால் இலை நோய்களும் குறையும். வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். நீர் போதுமா என்று மேல் மண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. விரலை உள்ளே விட்டு, இல்லை சின்னக் குச்சியால் 10 சென்டிமீட்டர் தோண்டி, அந்த ஆழத்து மண்ணைப் பிடித்துப் பாருங்கள். நீரின் உப்பையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள், உப்பு ஏறினால் முதலில் காட்டிக்கொடுப்பது பீன்ஸ்.

படி 4: மண்ணும் பாத்தியும்

தோட்டத்தில் பல இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கார அமில நிலை 6 முதல் 7க்குள் இருந்தால் பெரும்பாலான காய்கறிக்கு நிம்மதி. ஆய்வு முடிவு வருவதற்குள் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல், சில மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல், ஒரு நாளுக்கு மேலாகியும் கலங்கலாக நிற்பது களி. மூன்று அடுக்கின் உயரத்தைப் பார்த்தாலே உங்கள் மண் நீரைப் பிடிக்குமா, விடுமா என்று தெரிந்துவிடும்.

பாத்திகளை எல்லாம் ஒரே அளவில் போடுங்கள். எங்களுடையது 1 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம், நடுவில் அரை மீட்டர் வழி. கால் ஏக்கரில் இப்படி 40 பாத்தி வரும். ஒரே அளவு என்றால் சொட்டுக்குழாய், மூடுதுணி, வலை எல்லாம் எந்தப் பாத்திக்கும் பொருந்தும், "பாத்திக்கு இவ்வளவு" என்று விதையையும் உரத்தையும் மனக்கணக்காகவே சொல்லலாம். ஒருமுறை பாத்தி எடுத்தபின் அதை மிதிக்காதீர்கள், குழந்தைகளுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நீர் தேங்கும் களிமண்ணில் 20 சென்டிமீட்டர் மேடாகவும், சீக்கிரம் காயும் மணல் மண்ணில் தரைமட்டமாகவும் இருக்கட்டும்.

படி 5: உரம், அப்புறம் நான் சூடுபட்ட கதை

இயற்கைத் தோட்டத்தின் முதுகெலும்பு மக்கு உரம். முதல் வருடம் பாத்தியின் மேல் இரண்டரை சென்டிமீட்டர் பரப்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டால் ஒரு பாத்திக்கு 0.375 கன மீட்டர், 40 பாத்திக்கு 15 கன மீட்டர். குவியல் மக்கும்போது பாதிக்கும் கீழே சுருங்கும், எனவே அதற்கு 30 கன மீட்டருக்கு மேல் கழிவு வேண்டும். சமையலறைத் தோலை வைத்து இது நடக்காது. முதல் வருடம் வெளியில் வாங்கித்தான் ஆக வேண்டும், அங்கேதான் ஆபத்தும்.

எங்களுக்கு வந்த ஒரு லோடு தொழுவுரம் பார்க்க அருமையாக இருந்தது, கறுப்பாக, மண்வாசனையோடு. அதைப் போட்ட பாத்திகளில் மட்டும் தக்காளியின் இளம் இலைகள் கிண்ணம்போல் மேல்நோக்கிச் சுருண்டு, நரம்புகள் இணையாக ஓட, பெரணி (பன்னம்) இலைபோல் ஒடுங்கின. வைரஸ் என்று நினைத்து 60 செடியைப் பிடுங்கி எறிந்தோம். பக்கத்துப் பாத்தி அவரையிலும் அதே சுருட்டை வந்தபோதுதான் உறைத்தது: களைக்கொல்லி. அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள் புல்லை ஒன்றும் செய்யாது, அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும். அது தெளித்த புல்லை மாடு தின்றால் வயிற்றில் சிதையாமல் சாணியில் வந்துவிடும், மக்கும்போதும் எளிதில் அழியாது, நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே தக்காளிக்கும் அவரைக்கும் போதும்.

இப்போது எந்த லோடு வந்தாலும் முதலில் சோதனை. மூன்று தொட்டியில் அந்த உரத்தையும் நல்ல மண்ணையும் பாதிக்குப் பாதி கலந்தும், இன்னும் மூன்று தொட்டியில் வெறும் மண்ணிலும் பீன்ஸ் விதை போடுவோம். 3 வாரம் பொறுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இலை ஒரே மாதிரி விரிந்திருந்தால் வண்டி தோட்டத்துக்குள் வரும். விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, அவருக்கே தெரியாமல் வைக்கோலில் வந்திருக்கலாம்.

நீங்களே மக்க வைக்கும்போது: காய்ந்தது இரண்டு மூன்று பங்கு, பச்சையும் சாணியும் ஒரு பங்கு, அடுக்கடுக்காக. இப்படி அடுக்கிப் புரட்டுகிற முறையை 1920களில் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் ஒழுங்குபடுத்தி எழுதியதால் உலகம் முழுக்க இதற்கு இந்தூர் முறை என்றே பெயர். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் குறைந்தது 1 மீட்டர் இருக்கட்டும், சின்னக் குவியல் சூடேறாது. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு. உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வந்து சில நாள் நின்றால்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். வெப்பமானி இல்லையென்றால் இரும்புக் கம்பியை நடுவில் 10 நிமிடம் செருகி வைத்து உருவிப் பிடித்துப் பாருங்கள், கையில் பிடிக்க முடியாமல் சுட வேண்டும். மூக்கைத் துளைக்கிற அம்மோனியா வாடை வந்தால் காய்ந்த இலை சேருங்கள், அழுகல் நாற்றம் வந்தால் காற்று போகவில்லை, புரட்டிப் போடுங்கள்.

மக்காத பச்சைச் சாணியைக் காய்கறிக்குப் போடுவதில் கவனம் வேண்டும். அமெரிக்க இயற்கை விவசாய விதி, மண்ணைத் தொடும் காய் என்றால் அறுவடைக்கு 120 நாள் முன்பும், தொடாததற்கு 90 நாள் முன்பும் போட்டு முடித்திருக்க வேண்டும் என்கிறது. சான்றிதழ் வாங்காவிட்டாலும் இதைப் பின்பற்றுங்கள், கீரையைப் பச்சையாகத் தின்கிறவர்கள் இருக்கிறார்கள்.

காலியாகும் பாத்தியை வெறுமனே விடாமல் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கும் பருவத்தில், சுமார் 45 நாளில், மண்ணுக்குள் மடக்கி விடுங்கள். உடனே நடக் கூடாது, இரண்டு வாரமாவது மக்க விடுங்கள்.

படி 6: பின்னோக்கிய கணக்கு

இதுதான் முழு வேலையின் மையம், ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். தக்காளியை எடுத்துக்கொள்வோம். 30 வீடு, வாரம் 1 கிலோ, 6 வாரம்: 180 கிலோ. திறந்தவெளியில் ஒரு செடிக்கு மொத்தம் 2 கிலோ என்று குறைத்தே போடுங்கள், 90 செடி. சாவது, அழுகுவது, புழு தின்பது என்று கால் பங்கு சேர்த்தால் சுமார் 115 செடி. 15 மீட்டர் பாத்தியில் இரண்டு வரிசை, 60 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் 50 செடி பிடிக்கும். ஆக இரண்டேகால் பாத்தி. நட்டு 65, 70 நாளில் முதல் பறிப்பு, நாற்றுக்கு 25 முதல் 30 நாள். முதல் பெட்டி எந்த வாரம் போக வேண்டுமோ அதிலிருந்து 14 வாரம் பின்னால் போய் நாட்காட்டியில் "தக்காளி விதை" என்று எழுதுங்கள். அடுத்த 6 வாரத்துக்கு அடுத்த ஈடு, அதாவது அடுத்த தடவை விதைப்பு.

இப்படியே எல்லாவற்றுக்கும் போடுங்கள். தண்டுக்கீரையும் முள்ளங்கியும் 25, 30 நாளில் வந்துவிடும், வாரம் ஒரு துண்டு விதைத்தால் வாரம் ஒரு துண்டு பறிக்கலாம். வெண்டைக்கு 45, 50 நாள். கத்தரி நட்டு 60, 70 நாளில் ஆரம்பித்து நீண்ட நாள் கொடுக்கும், எனவே வருடத்துக்கு இரண்டு ஈடு போதும். கொடிக்காய்களுக்குப் பந்தல் வேலை இருப்பதால் ஓரத்துப் பாத்தியில் வையுங்கள்.

கூடவே குடும்பம் பார்த்து இடம் மாற்றுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எல்லாம் ஒரே குடும்பம். புடலை, பாகல், சுரை, பூசணி, வெள்ளரி ஒரு குடும்பம். பயறு, அவரை, பீன்ஸ் ஒன்று. கோஸ், முள்ளங்கி, காலிஃபிளவர் ஒன்று. ஒரு குடும்பம் போன இடத்தில் அதே குடும்பம் 3 வருடமாவது திரும்பி வராமல் பாருங்கள். வேர்முடிச்சு நூற்புழு இருக்கிற மண்ணில் தக்காளிக்கு அடுத்து வெண்டை போட்டால் மாற்றினதாகவே ஆகாது, இரண்டும் அதற்குப் பிடித்த உணவு. அங்கே ஒரு பருவம் செண்டுமல்லியை நெருக்கமாக நட்டு மண்ணிலேயே மடக்குங்கள்.

படி 7: விதை, நாற்று

வீரிய ஒட்டு விதையில் விளைச்சல் சீராக வரும், ஆனால் அதிலிருந்து எடுக்கும் விதை அடுத்த தலைமுறையில் ஆளுக்கொரு மாதிரி முளைக்கும். விதை எடுக்க நினைத்தால் நாட்டு ரகம், அதிலும் தன்மகரந்தச் சேர்க்கை உள்ள தக்காளி, பீன்ஸில் ஆரம்பியுங்கள். தக்காளி விதையைச் சாற்றோடு 2, 3 நாள் புளிக்க விட்டால் வழவழப்பு போய்விடும். கழுவி நிழலில் உலர்த்துங்கள். பூசணி, சுரை வகைகள் அக்கம்பக்கத்து ரகத்தோடு கலந்துவிடும். வீட்டு விதையில் வந்த சுரைக்காய் கசந்தால் அந்தக் காயைச் சமைக்காதீர்கள், கசப்புக்குக் காரணமான பொருள் உடம்புக்கு விஷம். சேமிக்கும் விதையில் ஈரப்பதம் ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பழைய கணக்கு, அதனால் நன்றாக உலர்த்திக் காற்றுப்புகாத புட்டியில் வையுங்கள்.

நாற்றுக்குக் குழித்தட்டு நல்லது. வெள்ளை ஈ புகாத 50 கண் வலைக்குள் (அங்குலத்துக்கு 50 துளை) வையுங்கள், சின்ன வயதில் வைரஸ் ஏறிய செடியை அப்புறம் எந்தக் கரைசலும் தேற்றாது. முளைத்த நாற்று தண்டடியில் கருத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல், பெரும்பாலும் நாம் ஊற்றிய அதிக நீர்தான் காரணம். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சையை நாற்று வளர்க்கும் கலவையில் சேர்ப்பது உதவும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பே நீரைக் குறைத்து வெயிலுக்குப் பழக்கி, மாலையில் நடுங்கள்.

படி 8: களை

பாத்தியைத் தயார் செய்து உடனே விதைக்காதீர்கள். நீர் விட்டு 10 நாள் காத்திருங்கள். களை பச்சையாகக் கிளம்பும். மண்ணைக் கிளறாமல் மேலாகச் செதுக்கிவிட்டு அப்புறம் விதையுங்கள். இந்த ஒரு தந்திரம் கேரட் மாதிரி மெதுவாக முளைப்பவற்றுக்குப் பல நாள் வேலையை மிச்சம் செய்யும். களை வெள்ளை நூலாக இருக்கும்போதே கொத்திவிடுங்கள், இலை தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் நாம் தாமதம். பயிரின் முதல் 4 வாரம்தான் முக்கியம், அதன்பின் வைக்கோலோ காய்ந்த இலையோ 5 முதல் 8 சென்டிமீட்டர் மூடாக்குப் போட்டால் போதும். விதை கட்ட விடாதீர்கள். ஒரு முள்ளுக்கீரைச் செடி லட்சத்துக்கு மேல் விதை உதிர்க்கக்கூடியது.

படி 9: பூச்சியும் நோயும்

தினம் காலை ஒரு சுற்று, கையில் டீயோடு போனாலும் பரவாயில்லை, ஆனால் இலையைத் திருப்பிப் பாருங்கள். முக்கால்வாசிப் பிரச்சினை இலையின் அடியில்தான் இருக்கும். ஒருமுறை கத்தரி இலையைத் திருப்பினால் சாறு உறிஞ்சும் அசுவினி மொய்த்திருந்தது. கரைசலைக் கலக்கப் போன என்னை மனைவி நிறுத்தி, "இதப் பாருங்க" என்று காட்டினாள். பச்சைக் கூட்டத்துக்கு நடுவே வெளிர்பழுப்பாக உப்பி, அசையாமல் ஒட்டியிருந்தன சில அசுவினிகள். உள்ளே ஒட்டுண்ணிக் குளவியின் புழு வளர்ந்துகொண்டிருந்தது. சிலதின் முதுகில் ஊசிமுனையளவு வட்ட ஓட்டை, குளவி வெளியே போன வாசல். தெளிக்காமல் விட்டோம். 9 நாளில் அந்த இலைகளில் பழுப்பு ஓடுகள் மட்டும் மிச்சம், கூடவே பொறிவண்டின் புழுக்கள், பார்க்கக் குட்டி முதலை மாதிரி இருக்கும், அவற்றைப் பூச்சி என்று நசுக்கிவிடாதீர்கள்.

எப்போதும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். காய்ப்புழுவுக்குப் பொறுத்திருந்தால் பாதி தக்காளி போய்விடும். அதற்கு வரிசையாக:

- 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி. தக்காளி 25 நாள் நாற்று, செண்டுமல்லி 45 நாள் நாற்று, ஒரே நாளில் நடவு; இரண்டும் சேர்ந்து பூக்கும், தாய்ப்பூச்சி செண்டுமல்லியில் முட்டையிடும்.
- இனக்கவர்ச்சிப் பொறி, அதாவது பெண் பூச்சியின் வாசனையை வைத்து ஆண் பூச்சியைப் பிடிப்பது. எத்தனை பூச்சி விழுகிறது என்று பார்த்து அடுத்த நடவடிக்கையை முடிவு செய்யுங்கள்.
- புழு சின்னதாக இருக்கும்போது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியாவைத் தெளியுங்கள். புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும், வெயில் பட்டால் வீரியம் போகும், எனவே மாலையில், காயும் இலையும் நன்றாக நனையும்படி.

வேப்பங்கொட்டைக் கரைசல் பலதுக்கும் கை கொடுக்கும்: 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி 100 லிட்டராக்கி, 200 கிராம் சோப்பைக் கரைத்துச் சேருங்கள். அன்றே தெளித்து முடித்துவிடுங்கள். கத்தரியில் நுனி மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. ஓட்டைக்குக் கீழே வெட்டி அழித்துவிடுங்கள், அப்படியே தோட்டத்தில் போட்டால் அங்கிருந்தே பூச்சியாகப் பறக்கும்.

செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடினால் தண்டின் அடியை ஒரு துண்டு வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் முனை மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல் வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. செடியை மண்ணோடு எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள், அந்த இடத்தில் பல வருடம் தக்காளிக் குடும்பத்தை மறந்துவிடுங்கள், அங்கே பயன்படுத்திய மண்வெட்டியையும் கழுவுங்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இயற்கையிலிருந்து வந்தது என்பதால் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. புகையிலைக் கரைசலின் நிக்கோட்டின் மனிதருக்கும் விஷம்தான். பூஞ்சைக்குத் தெளிக்கும் போர்டோ கலவையின் தாமிரம் மண்ணிலேயே தங்கிச் சேர்கிறது, அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 7 வருடத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம் என்று வரம்பு வைத்திருக்கிறது.

படி 10: பறிப்பு

கீரையை வெயில் ஏறுமுன் அறுத்து உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு தொட்டி வையுங்கள்: முதலாவதில் மண் போகும், இரண்டாவதில் குடிக்கிற தரத்து நீர். வெண்டை, தக்காளி, கத்தரியைக் கழுவ வேண்டாம், ஈரம் இருந்தால் சீக்கிரம் கெடும், துடைத்தால் போதும். தக்காளி, வெள்ளரி, வெண்டை, கத்தரியை 10 டிகிரிக்குக் கீழே குளிரூட்டினால் குளிர்க்காயம் பட்டுச் சுவையும் நிறமும் போய்விடும். பழுக்கிற தக்காளி விடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கும், வெள்ளரியையும் கெடுக்கும், எனவே ஒரே பெட்டியில் இரவு முழுக்க வைக்காதீர்கள். கோணலான காயைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைப்பது ஒருதடவைதான் பலிக்கும். "இது கோணல், குறைந்த விலை" என்று தனியாக வையுங்கள், வாங்க ஆள் இருக்கிறது.

படி 11: நோட்டு, கூலி, விடுமுறை

பாத்திக்கு ஒரு பக்கம். விதைத்த நாள், முதல் பறிப்பு, கடைசிப் பறிப்பு, மொத்தக் கிலோ, போன மணி நேரம். இந்த ஐந்தும் இருந்தால் அடுத்த வருடம் எதை விட வேண்டும் என்று நோட்டே சொல்லிவிடும். எங்களுக்குப் பச்சைப் பட்டாணி அப்படித்தான் நின்றது. பார்க்க லாபம்போல் இருந்தது, மணிக்கணக்கைப் போட்டபோது பறிப்பே எல்லாவற்றையும் தின்றிருந்தது.

வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் கூலி எழுதுங்கள், பணமாகக் கொடுக்க முடியாவிட்டாலும் நோட்டிலாவது. இல்லாவிட்டால் லாபம் என்று நீங்கள் நினைப்பது அம்மாவின் இடுப்பு வலியாக இருக்கும். யார் எதை முடிவு செய்வது என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நீரும் உரமும் என் பொறுப்பு, பூச்சியும் விற்பனையும் மனைவியின் முடிவு, நான் வாயைத் திறப்பதில்லை. வாரத்தில் ஒரு நாள் பறிப்பே கிடையாது. அதற்கேற்ப வெண்டையும் வெள்ளரியும் முந்தின மாலை கொஞ்சம் பிஞ்சாகவே பறிக்கப்படும், நஷ்டம் சொற்பம்.

பரப்பைக் கூட்டுவது பற்றி இரண்டு முழுப் பருவம் முடியும்வரை பேசாதீர்கள். கூட்டினாலும் ஒரு தடவைக்கு 5 பாத்திதான். வெண்டை இப்போது எங்களிடம் 3 வாரத்துக்கு ஒரு பாத்தி. விதைக்கிற தேதியை அம்மாதான் நாட்காட்டியில் குறித்து வைக்கிறார், பக்கத்தில் எந்த வீட்டுக்கு எத்தனை கிலோ என்றும் எழுதியிருக்கும்.